ஐந்து விசிறிகள்

நான் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவள். வீட்டின் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கின் முன்னால் உட்கார்ந்து கதை படிப்பேன். பழைய கணினி பாதியில் அப்படியே நின்றுவிடும், படித்ததெல்லாம் போய்விடும். தொண்டை கட்டக் கட்ட மறுபடி அதே பக்கம். இந்த லட்சணத்தில்தான் ஒரு பதிப்பகம் பெரிய நாவல் ஒன்றைக் கொடுத்தது. முதல் நான்கு அத்தியாயங்கள் சரியாக அமைந்தால் முழுப் புத்தகமும் எனக்கு. அவ்வளவு பெரிய வேலை அதுவரை எனக்கு வந்ததில்லை.

நடுவில் நிற்காத கணினி ஒன்று வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். அதோடு என் நிம்மதி போயிற்று.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போது பிராசசர், பல் தேய்க்கும்போது மதர்போர்டு. எந்த ராம் வேகம், எது நல்ல தயாரிப்பு என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது.

"கிராபிக்ஸ் கார்டு எதுக்குங்க? நான் கதைதானே படிக்கிறேன்?"

"பின்னாடி உதவும். உனக்கு இதெல்லாம் புரியாது, சும்மா இரு."

சும்மா இருந்தேன். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

பாகங்கள் வந்து சேர்ந்ததும் அவரே உட்கார்ந்து பூட்டினார். பொறுக்கி எடுத்த சாமான்கள், குறை சொல்ல முடியாது. பொத்தானை அழுத்திக் கையை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. அந்த வேகத்தின் சூட்டைத் தணிக்க ஐந்து விசிறிகள். மைக் இருக்கும் மேஜைக்கு அடியிலேயே அவை இரைந்துகொண்டிருந்தன.

"சத்தம் வருதே" என்றேன்.

"இதெல்லாம் ஒரு சத்தமா?" என்று இரைச்சலை நீக்கும் மென்பொருள் ஒன்றையும் போட்டுக் கொடுத்தார். கெடு நெருங்கிவிட்டது. படித்து அனுப்பினேன்.

பதிப்பகத்துப் பெண் போன் செய்தாள். "நல்லா படிச்சிருக்கீங்க. ஆனா பின்னாடி ஏதோ மெஷின் ஓடுதுங்க. அதை நீக்கின இடத்துல உங்க குரல் தகரம் மாதிரி கேக்குது. எங்களுக்கும் நேரமில்ல, வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம். தப்பா நினைச்சுக்காதீங்க."

கணவர் நம்பவில்லை. அந்த இரைச்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவதாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு அத்தியாயம் முடிந்தது, அவர் எழவில்லை. நடுவில் ஒருமுறை தானாகச் சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் படித்ததை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், அலுப்புதான் வந்தது.

நாலாவதும் முடிந்தபோது திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேட்டுச்சா?" என்றேன்.

"அதைக் கவனிக்கவே இல்லம்மா. அஞ்சாவது அத்தியாயம் எங்க வச்சிருக்க?"

"அதை வேற ஒருத்தங்க படிக்கிறாங்க" என்றேன்.