ஆளில்லா ஆலையில் தொண்ணூற்றெட்டு சதவீதம்

சர்வர் அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே, ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்மொழிக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. உள்ளே மின்விசிறி மூச்சு முட்ட இரைந்துகொண்டிருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு சேலம் ரோட்டில் மறியல். பஸ் இல்லை, லாரி இல்லை, ஜவ்வரிசி ஆலைக்கு மூன்று நாள் லீவு. கிழங்கு லோடு ஒன்றுகூட வராத வெள்ளிக்கிழமைக் காலையில் இந்தப் பெட்டிக்கு அப்படி என்ன வேலை வந்து கிழிக்கிறது?

திரையைப் போட்டுப் பார்த்தாள். பிராசசர் தொண்ணூற்றெட்டு சதவீதம். அத்தனையையும் தின்றுகொண்டிருந்தது டேட்டாபேஸ்.

ஆயிரத்து நானூறு மரவள்ளி விவசாயிகளின் முறைப்பட்டியல் அதில்தான் இருந்தது. யாருடைய லோடு என்றைக்கு ஆலைக்குள் வரும் என்று சொல்வது அந்தப் பட்டியல். தோண்டிய கிழங்கு மூன்று நாள் கிடந்தால் கறுத்துப்போகும், முறை தள்ளிப்போனவன் சும்மா இருப்பானா? மலைக்காரர்களுக்கு முதலில் டோக்கன் போகிறது என்று கீழ்நாட்டு விவசாயிகள் ஒரு மாதமாகவே முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். டோக்கன் கவுண்டரில் இருந்த சரத்குமார் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துக்காரன். அந்த ஆலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் மலைக்காரன் அவன்தான். சந்தேகப்பட அது போதாதா.

முதலாளி தெய்வசிகாமணி போனில் கொதித்தார். "இன்னாம்மா, எவனாவது உள்ள பூந்து பட்டியல மாத்தறானா? ஏற்கெனவே ஆளுங்க சூடா கீறாங்க. ஒரு மணி நேரத்துல எனக்குப் பதில் வேணும்."

"பாத்துக்கினே இருக்கேன் சார்."

முதலில் வைரஸ் என்று நினைத்தாள். இல்லை. பேக்கப் நடுவில் சிக்கிக்கொண்டதோ என்று பார்த்தாள், அது விடியற்காலையிலேயே ஒழுங்காக முடிந்திருந்தது. சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டாள். இரண்டு நிமிடம் சாதுவாக இருந்த எண் மறுபடி ஏறிப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பட்டியல் போனால் திங்கட்கிழமை ஆலை வாசலில் ரத்தமே சிந்தும்.

கடைசியில் யார் பெயரில் வேலை நடக்கிறது என்று தேடினாள். ஒரே ஒரு பெயர். சரத்குமார். பெயர் எதுவும் போடாமல் வெறும் தேடல், பத்து வருடப் பட்டியலையும் புரட்டிக் கொட்டும் தேடல், நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில். எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்று அந்த மென்பொருள் காட்டாது. ஆனால் கவுண்டர் கணினியை நேற்று அவளேதான் மூடினாளே. அப்படியென்றால் வெளியிலிருந்துதான். கொரோனா ஊரடங்கின்போது செல்போனிலேயே பார்க்கட்டும் என்று கொடுத்த வசதி இன்னும் திறந்துதான் கிடந்தது.

சரத்தைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: 'சரத்குமார் லாகினில் இருந்துதான் நடக்கிறது. வெளியிலிருந்து. லாகினைப் பூட்டுகிறேன்.' பூட்டினாள். தொண்ணூற்றெட்டு சடசடவென்று இறங்கி மூன்றில் நின்றது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

அப்போதுதான் வாட்ச்மேன் இருசப்பன் வந்து கதவைத் தட்டினார்.

"யம்மா, கவுண்டர் ரூம்புல இன்னாமோ கீங் கீங்னு கத்திக்கினே கீது. இப்பத்தான் ஆரம்பிச்சுது."

"அங்க எல்லாத்தையும் மூடிட்டனே அண்ணே."

"நீயே வந்து கேளு."

கேட்டை ஒட்டிய சின்ன அறை. பூட்டைத் திறந்ததும் ஊதுபத்தி வாசனை. மாவுத் தூசி படாமல் இருக்கக் கணினியின் மேல் பழைய வேட்டி ஒன்று போர்த்தியிருந்தது. சத்தம் அதற்குள்ளிருந்துதான் வந்தது. வேட்டியை இழுத்தாள்.

கீபோர்டின் வலது ஓரத்தில், எண்கள் இருக்கும் பக்கத்தில், குங்குமம் வைத்த தேங்காய்மூடி ஒன்று உட்கார்ந்திருந்தது. எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. மூடிக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது, தேடலை ஓட்டும் என்டர் பொத்தான்.

திரையைப் போட்டாள். 'சரத்குமார், உங்கள் லாகின் பூட்டப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு ஒவ்வொரு முறையும் கத்திக்கொண்டே மூடி மூடித் திறந்தது.

தேங்காய்மூடியைத் தூக்கினாள். சத்தம் நின்றது. வெள்ளிக்கிழமை பூஜையை லீவு காரணமாக வியாழக்கிழமையே முடித்தது அவள். தேங்காய் உடைத்து மெஷினுக்கு ஒரு மூடி, கம்ப்யூட்டருக்கு ஒரு மூடி என்று வைத்தது இதே கை. மலைக்குக் கடைசி பஸ் நாலு மணிக்கு. "நீ ஓடு சரத்து, நான் மூடிக்கிறேன்" என்று அவனைத் துரத்திவிட்டதும் அவள்தான். மறியல் பயத்தில் திரையை மட்டும் அணைத்து வேட்டியைப் போர்த்திவிட்டு ஓடியிருக்கிறாள்.

போன் அதிர்ந்தது. குழுவில் சரத்.

'சார், கவுண்டர் கம்ப்யூட்டர மூடாம வந்தது நான்தான். தப்பு என்னுது. அக்காவுக்குத் தெரியாது.'

அடுத்த நிமிடமே முதலாளி: 'இனிமே நீ வர வேணாம். கவுண்டர் ரூம் சாவியை யார்கிட்டயாவது குடுத்து அனுப்பு.'

என்ன நடந்திருக்கும் என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது. அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அவள் இருந்த இடத்திலிருந்தே, ஒரு வார்த்தை விசாரிக்காமல், அவனைக் காட்டிக்கொடுத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், இது இத்தோடு முடிந்துவிடும். ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த ஒரு கணத்துக்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

தேங்காய்மூடியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். எறும்போடு படம் பிடித்தாள். குழுவில் போட்டு, கீழே எழுதினாள்: 'இதை வைத்தது நான். மூடாமல் போனதும் நான். சரத்தை முன்னாடியே அனுப்பியதும் நான். பட்டியலில் யாரும் கை வைக்கவில்லை.'

முதலாளி உடனே கூப்பிட்டார்.

"அப்ப அவன் எதுக்குத் தன் மேல போட்டுக்கினான்?"

"எனக்காகத்தான் சார்."

"திங்கக்கெழமை அவன வரச் சொல்லு. உன் கதைய அப்பறம் பேசிக்கலாம்."

லாகினைத் திறந்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. தனியாக அனுப்பிய செய்திக்கும் ஒரே ஒரு டிக். சிக்னல் கிடைக்கும் பாறைக்கு அவன் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருக்கிறான். அங்கே ஏறி வந்தபோதுதான் குழுவைப் பார்த்திருப்பான். வேலை போன செய்தியைப் படித்துவிட்டு இறங்கி நடந்திருப்பான். சாவியைக் கொடுத்துவிட ஆள் தேடிக்கொண்டிருப்பான்.

ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

"எங்கம்மா?" என்றார் இருசப்பன்.

"வெள்ளிமலைக்கு."

"கச்சிராயபாளையம் ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுக் கீறாங்கம்மா. வண்டி போவாது."

"போற வரைக்கும் போறேன் அண்ணே. அதுக்கு மேல தள்ளிக்கினு போறேன்."

இருசப்பன் வேறெதுவும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.