பூச்சியில்லை, பாம்பு

எங்கள் ஊரில் பாம்புக்குப் பாம்பு என்று பேர் கிடையாது. பூச்சிதான். ராத்திரி காதில் ரீங்காரம் போடுகிற கொசுவும் பூச்சி, ஆளையே அடித்துப் போடுகிற விரியனும் பூச்சி. பேரைச் சொன்னால் அது வந்து நிற்குமாம், கடிபட்டவர் காதில் அந்தச் சொல் விழுந்தால் விஷம் சரசரவென்று தலைக்கு ஏறுமாம். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லி வைத்தவர் வேறு யாருமில்லை, என் மாமனார் கோபாலசாமிதான். விஷக்கடிக்கு மந்திரிக்கிறவர். ஒரு கொத்து வேப்பங்குலை, கொஞ்சம் திருநீறு, ஒரு செம்புத் தண்ணீர், இவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி. மந்திரம் தெரிந்தவரைப் பூச்சி தீண்டாது என்று ஊரே நம்பியது. ஊரைவிட அதிகமாக அவர் நம்பினார்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த என்னைத்தான் அது கடித்தது. உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது கணுக்காலில் ஒரு போடு. மாமனார் மந்திரித்தார், மந்திரித்தார், வெயில் உச்சிக்கு வரும்வரை மந்திரித்தார். கால் உரல் மாதிரி வீங்கி, பல்லீறில் ரத்தம் கசிந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் செண்பகராஜ் முதல் தடவையாக அப்பாவை எதிர்த்துப் பேசி, என்னைச் சைக்கிளில் வைத்துக் கோவில்பட்டிக்கு மிதித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எபநேசர், "என்ன கடிச்சது?" என்றார்.

"பூச்சி" என்றார்கள், பின்னாலேயே வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள்.

"என்ன பூச்சி?"

எல்லாரும் மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்தார்கள். அவர் என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "நீ சொல்லும்மா" என்றார். செத்தால் சாகிறேன் என்று வாயைத் திறந்தேன். "பாம்பு." அப்புறம்தான் மருந்து ஏறியது. கணுக்காலில் சதை அழுகி ஆறிய தழும்பு இன்றைக்கும் கறுப்பாக இருக்கிறது.

எழுந்து நடமாடியதும் ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். அது அவர் மேஜையிலேயே எச்சம் போட்டது. சிரித்துவிட்டு அவர் சொன்னார்: "கோழியெல்லாம் வேண்டாம் சுப்புத்தாய். மருந்து எங்கிட்ட இருக்கு. ஆனா ஆளு நேரத்தோட வந்து சேரணும், வந்து உள்ளதைச் சொல்லணும். உங்க ஊர்ல அந்தச் சொல்லைச் சொல்லுத வாய் உன்னோடது ஒண்ணுதான். எனக்கு நன்றி சொல்லணும்னா அடுத்த ஆளைச் சீக்கிரம் கூட்டிட்டு வா."

பிறந்ததிலிருந்து எனக்கு வாயாடி என்றுதான் பேர். இந்த வாயை ஒரு மனுஷன் உபயோகமான சாமானாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பஸ்ஸில் வரும்போது அழுதுகொண்டே வந்தேன். கோழியும் கூடவே கத்திக்கொண்டு வந்தது.

அதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கடி என்று காதில் விழுந்தாலும் ஓடுவேன். கீறாதே, கட்டாதே, வண்டியில் ஏற்று. டாக்டரிடம் நானே சொல்வேன், பாம்பு என்று. ஜனங்கள் பாம்புக்காரி என்று பேர் வைத்தார்கள். மாமனார் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்திவிட்டார். தன்னிடம் மந்திரிக்க வருகிற ஆளை வாசலிலேயே மடக்கி மருமகள் பஸ் ஏற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது? அவருக்கு வந்ததில் நியாயம் உண்டு. எனக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

அந்தச் சித்திரையில் ஒருநாள் சாயங்காலம், அறுப்பு முடிந்த பருத்திமார்ச் செடிகளைப் பிடுங்கப் போன மாமனார் வலது கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தார்.

"என்ன மாமா?"

"வேலிமுள்ளு கிழிச்சிட்டு."

நேரே பின்பக்கம் போய் மாடத்திலிருந்த பச்சிலை வேரை எடுத்து மென்றார். முள் கிழித்தவர் விஷக்கடி வேரை எதற்கு மெல்ல வேண்டும்? கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். துண்டு நழுவியது. கை முழுக்க முள் கீறல்தான், பொய்யில்லை. ஆனால் பெருவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள் இருந்தன. அவை எனக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, பாம்பா?"

"அந்தச் சொல்ல எங்கிட்ட சொல்லாத! முள்ளுங்கேன்லா?"

மில்லுக்குப் போன வீட்டுக்காரர் வரும்வரை காத்திருக்க முடியாது. சண்டை போட்டாலும் இந்த மனுஷன் வரமாட்டார். யோசித்தேன்.

"சரி மாமா, முள்ளுதான். முள்ளுக்கு உங்ககிட்ட மந்திரம் கிடையாதுல்லா? டாக்டர்ட்ட போயி எடுத்துட்டு வருவோம்."

தன் பொய்யிலேயே மாட்டிக்கொண்டார். தீப்பெட்டி ஆபீஸில் வேலைபார்க்கிற பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மறித்தேன். டிரைவர் ராஜமணி அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார்.

பாதி வழியில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்டுக்கிடை. அண்ணாச்சி ஆரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மாமனார் கை முழங்கைவரை வீங்கிவிட்டது. கண் சொருகியது. பழைய இளைப்பு வேறு, நெஞ்சு விசில் அடித்தது.

"மாமா, தூங்காதீங்க. என்னைய வைய்யுங்க. எப்பவும் வைவீங்கள்லா, இப்ப வைய்யுங்க."

"போட்டீ..." என்றார். நாக்கு குழறியது.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் ஏறமாட்டேன் என்று சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் எபநேசர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். என்னிடம், "பச்சிலை எதுவும் தின்னாரா?" என்றார்.

"தின்னாரு சார்."

"அப்ப வாந்தியும் மயக்கமும் அதனாலயும் இருக்கலாம். வேலிமுள்ளு குத்துனாலும் கை இப்படி வீங்கும்." மாமனார் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நல்லாக் கேளுங்க. முள்ளுன்னா ஒரு ஊசியோட போச்சு. பாம்புன்னா இப்பவே மருந்து ஏத்தணும். அது குதிரை ரத்தத்துல இருந்து எடுக்குத மருந்து. உங்கள மாதிரி இளைப்புக்காரங்களுக்குச் சேரலன்னா மூச்சே நின்னுரும். முள்ளுக்கு அதை ஏத்தி உங்களக் கொல்ல மாட்டேன். பாம்புன்னா, ஏத்தாம விடவும் மாட்டேன். எது?"

மாமனார் உதட்டை இறுக்கிக்கொண்டார். நர்ஸ் நிற்கிறாள், ராஜமணி அண்ணாச்சி நிற்கிறார், சுற்றிலும் நோயாளிகள். இத்தனை பேர் முன்னால் கோபாலசாமியைப் பூச்சி தீண்டிவிட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஊரில் அவருக்கு இருந்த சொத்தே அந்த ஒரு பேர்தான்.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ பாத்தியா சுப்புத்தாய்?"

பார்த்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஒரு வார்த்தைதான், சொன்னால் மருந்து ஏறும். ஆனால் நான் நினைப்பது தப்பாக இருந்தால்? உண்மையிலேயே முள்ளாக இருந்து, என் சொல்லால் அவர் மூச்சு நின்றால்? உள்ளதைச் சொல்லுகிற வாய் என்றல்லவா இந்த டாக்டர் என்னை நம்பி வைத்திருக்கிறார்.

"பாக்கல சார்" என்றேன். "மாமா, உங்க கால்ல விழுந்து கேக்கேன், சொல்லுங்க. ஊர் சிரிச்சா நான் பதில் சொல்லுதேன். சொல்லுங்க மாமா!"

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வெட்கத்தில் வரவில்லையா, விஷத்தில் வரவில்லையா, தெரியவில்லை. வீங்காத இடதுகை தரையில் மெல்ல ஊர்ந்து வந்தது. நான் நின்ற இடத்துக்கு வந்து என் கணுக்காலில், அந்தக் கறுத்த தழும்பின்மேல் விரலை வைத்து அழுத்தியது.

மாமனார் மருமகள் காலைத் தொடுவதாவது! பதறிப்போய்க் காலை இழுக்கப் பார்த்தேன். விடவில்லை. டாக்டரைப் பார்த்துக்கொண்டே தழும்பை இன்னொரு தடவை அழுத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"எனக்கு இது போதும்" என்று டாக்டர் எழுந்தார். "சிஸ்டர், மருந்தை எடுங்க. மூச்சு முட்டுனா போடுத ஊசியும் கையில இருக்கட்டும்."

மருந்து ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தது. முகம் நீலம் பாய்ந்தது. ஊசி போட்டார்கள், நிறுத்தினார்கள், மறுபடி சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். டாக்டர் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமனார் நெஞ்சிலிருந்து குழாயை எடுத்துவிட்டு டாக்டர், "உன் மாமனார் தண்ணி கேக்காரு" என்றார்.

டம்ளரை நீட்டினேன். என் கையிலிருந்தே வாங்கிக் குடித்தார்.

தேறி வந்தபிறகு ஒருநாள் என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிப் போனார். கக்கத்தில் கோழி. திரும்பி வரும்போதும் கக்கத்தில் அதே கோழி. "அந்த டாக்டர் ஒரு மாதிரியான ஆளுட்டீ" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா!

வேப்பங்குலை அப்புறமும் முற்றத்துக் கொடியில்தான் தொங்கியது. மந்திரம் போய்விட்டதா, இருக்கிறதா என்று ஊருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அவராகவும் வாய் திறக்கவில்லை.

ஆடி மாதத்தில் பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் பெண்டாட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விழுந்தான். "அண்ணாச்சி, பூச்சி கடிச்சிட்டு, மந்திரிச்சு விடுங்க!" பின்னாலேயே தெரு கூடிவிட்டது. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நிலைப்படியில் நின்றேன்.

மாமனார் கொடியைப் பார்த்தார். வேப்பங்குலையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்ன பூச்சி?"

அவன் வானத்தைப் பார்த்தான்.

"ஏலே, அங்கன என்ன இருக்கு? வாயத் தொறந்து சொல்லுலே. பாம்பா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான். மாமனார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சுப்புத்தாயி, கிளம்பு. நானும் வாரேன்."