எல்லோரும் ஏறிப் பார்த்த வண்டி

இழுக்க வண்டி இல்லாமலேயே டிரெய்லரை வாங்கிவிட்டோம். சமையலறை, கழிப்பறை, ஏழு பேருக்குப் படுக்கை என்று சக்கரத்தின் மேல் ஒரு முழு வீடு. அதை எங்கள் வாசலில் இறக்கிவிட்ட ஆள் எங்கள் சின்னக் காரைப் பார்த்துவிட்டு, "இத வச்சா இழுக்கப் போறீங்க?" என்று சிரித்தார்.

என் கணவர் ராய்ஸின் மனசு அதற்குள் வேறொரு வண்டியில் விழுந்திருந்தது. கறுப்பு நிறம், மூன்று வரிசை தோல் இருக்கை, கூரை முழுக்கக் கண்ணாடி. விற்கிறவர் பெயர் கென்ட். "மலையவே இழுக்கும் மேடம்" என்றார் என்னிடம்.

"மலை வேணாம். பக்கத்து வீட்டுக்காரர் லாரில மாட்டி எங்க டிரெய்லர இழுத்துக்கிட்டு வந்திருக்கோம். அத மாட்டுங்க, பிள்ளைங்களும் ஏறட்டும்."

"அதெல்லாம் எதுக்கு? தாராளமா இழுக்கும்."

"இழுக்குமான்னு நான் கேக்கல. எங்க எல்லாரயும் சுமந்துக்கிட்டு இழுக்குமான்னு கேக்குறேன்."

"மார்லா, விடேன்" என்று ராய்ஸ் முணுமுணுத்தான். நான் விடவில்லை.

டிரெய்லரின் மூக்கைக் கொக்கியில் இறக்கியதுமே கறுப்பு வண்டியின் பின்பக்கம் பதிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏற ஏற இன்னும் பதிந்தது. கடைசியாக மூத்தவள் டெஸ்ஸா ஏறினாள். முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன.

"அப்பா, வண்டி தும்மப் போகுது!" என்றான் கடைக்குட்டி கோல்பி.

"நான் ஏறினதாலதான்னு எவனாச்சும் சொன்னான், அவ்வளவுதான்" என்றாள் டெஸ்ஸா.

கடையின் பின்புறம் ஒரு வெள்ளை வேன் நின்றது. ஏதோ ஹோட்டலில் விருந்தாளிகளை ஏற்றி இறக்கிய வேன். நான்கு வரிசை. சுரண்டியெடுத்த ஹோட்டல் பெயர் பக்கவாட்டில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அதில் டிரெய்லரை மாட்டி ஏழு பேரும் ஏறினோம். இரண்டு விரற்கடை இறங்கி, அப்படியே நின்றுகொண்டது.

"இதுல என்னை ஸ்கூல்ல கொண்டு விட்டீங்க, நான் ஊரை விட்டே போயிடுவேன்" என்றாள் டெஸ்ஸா.

அதையே வாங்கினோம். கிளம்பும்போது ராய்ஸ் கறுப்பு வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஆகஸ்டில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். வயோமிங் மாநிலத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து போனால் சில்வன் கணவாயைத் தாண்ட வேண்டும். ஏற்றத்தில் வேன் முனகிக்கொண்டே ஏறிவிட்டது. எனக்குப் பயமெல்லாம் இறக்கம்தான். பின்னால் ஒரு வீடே தள்ளிக்கொண்டு வருகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ராய்ஸ் கியரைக் குறைத்தான். என்ஜின் அடித்தொண்டையில் உறுமி, அத்தனை கனத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அவன் பிரேக்கைத் தொட்டதே கொஞ்சம்தான்.

"பிடிக்குது மார்லா. பாரேன், பிடிக்குது" என்றான், கோயிலுக்குள் பேசுவதுபோல. வாங்கிய நாளிலிருந்து அந்த வேனைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

பூங்காவின் பெரிய ஏரியைத் தாண்டிப் புல்வெளிப் பள்ளத்தாக்கில் இறங்கியபோது முன்னால் கார்கள் நின்றுவிட்டன. காட்டெருமைகள். சாலையை நிறைத்து, எங்களுக்கு இருபுறமும் பிரிந்து வந்தன. ராய்ஸ் என்ஜினை அணைத்தான். அது இணை தேடும் பருவம். கடாக்களின் உறுமல் இருக்கை வழியாக எங்கள் முதுகெலும்பில் ஏறியது.

ஒரு கடா கோல்பியின் ஜன்னலருகே வந்து நின்றது. அதன் திமில் கண்ணாடியை மறைத்ததில் வேனுக்குள் இருட்டியது. மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி வெளுத்தது. அதன் கண் ஈரமாக, கறுப்பாக, அவசரமே இல்லாமல் எங்களைப் பார்த்தது. பிறகு பின்னால் நடந்துபோய் டிரெய்லரின் மூலையில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டது.

டிரெய்லர் ஆடியது. கொக்கி வழியாக வேனும் ஆடியது. நாங்கள் ஏழு பேரும் தூளியில் கிடப்பதுபோல் ஆடினோம். எத்தனை சண்டை போட்டுத் தேடிய பெரிய வண்டி! அந்தக் கடாவுக்கு அதெல்லாம் கழுத்து சொறியும் கட்டை. பயத்தோடு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. ஒருவரையொருவர் கிள்ளாமல் ஒரு மைல்கூட வராத என் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, அது என்னைப் பாத்துச்சா?" என்று கோல்பி கிசுகிசுத்தான்.

"பாத்துச்சு" என்றாள் டெஸ்ஸா. அவள் போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது. எட்டித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மந்தை ஆற்றுப் பக்கம் இறங்கியது. முன்னால் நின்ற கார்கள் போய்விட்டன. சாலை காலியாகக் கிடந்தது. ராய்ஸ் சாவியைத் தொடாமல் உட்கார்ந்தே இருந்தான். பின்னால் ஒருவர் மெல்ல ஹாரன் அடித்த பிறகுதான் கிளம்பினோம்.