டை பள்ளியும் கோட்டுப் பள்ளியும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் கிடைத்தது. போன ஏப்ரலில், மரக்காணத்தைத் தாண்டி ஈசிஆர் சாலை ஓரமாக இருக்கும் ஒரு தனியார் பள்ளியில், என் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் மேனேஜரிடம் ஒரு கேள்வி கேட்டாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வெட்கம் வந்தால் மற்றவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். எழுத்தாளர்கள் கதை எழுதுவார்கள். அதற்காகத்தான் பிறகு அவளைத் தேடிப் போய் முழுவதையும் கேட்டு வாங்கினேன். பெயரை மாற்றியிருக்கிறேன். சங்கீதா.

2

மரக்காணத்து உப்பளங்கள் காலை வெயிலில் வெள்ளித் தகடாக மின்ன—

வேண்டாம். வெள்ளித் தகடெல்லாம் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு. உள்ளே நின்று உப்பு வாருகிறவளுக்குக் கண் கூசும், அவ்வளவுதான்.

ஏழைத் தாய் சங்கீதாவின் கண்களில் ஒரு கனவு—

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்றாம் பத்தியில் அவள் அழுதாக வேண்டும். அவள் கடைசி வரை அழவில்லை.

நேராகவே சொல்கிறேன். சங்கீதா பத்தாவது பாஸ். உப்பளத்தில் கூலி வேலை. கணவன் ராஜ்கமல் உப்பு லாரி ஓட்டுகிறான். ஒரே மகள் பிரியதர்ஷினிக்கு, வீட்டில் பிரியா, ஐந்து வயது முடிந்துவிட்டது. ஊருக்கு எட்டும் தூரத்தில் இரண்டு தனியார் பள்ளிகள். பெயர் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். ஒன்றில் பிள்ளைகள் டை கட்டுகிறார்கள், இன்னொன்றில் கோட்டு போடுகிறார்கள். டை பள்ளி, கோட்டுப் பள்ளி என்றே வைத்துக்கொள்வோம்.

[அரசுப் பள்ளி இல்லையா என்று கேட்கும் வாசகருக்கு: இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் ஜெயா டீச்சர் வீடு வீடாக வந்து, பள்ளியில் சேர்க்கப் பிள்ளை கேட்டார். உங்கள் பெண் எங்கே படிக்கிறது என்று சங்கீதா திருப்பிக் கேட்டாள். கோட்டுப் பள்ளியில் என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரை டீச்சர் மெதுவாகக் குடித்தார்.]

3

ராஜ்கமலுக்குக் கோட்டுப் பள்ளிதான். மரக்காணத்து வெயிலில் நீலக் கோட்டு எதற்கு என்று கேட்டால், போட்டோவுக்கு என்பான். மகளைக் கோட்டோடு நிறுத்தி வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும். அவன் முதலாளியும் அதைப் பார்க்க வேண்டும்.

(இவனைக் குடிகாரனாக்கிவிடு, கதை சூடு பிடிக்கும் என்றார் ஒரு நண்பர். ராஜ்கமல் குடிப்பதில்லை. கதைக்கு நஷ்டம்தான்.)

கோட்டுப் பள்ளியில் வரிசையில் நின்றவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டினார்கள். ஏசி ஹால். பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஸ்மார்ட் போர்டு. கிரகங்களின் பெயரை ஆங்கிலத்தில் ஒப்பிக்க ஒரு குழந்தையைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள். பெற்றோர் வந்து நின்றதும் அது சூரியனுக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது.

கடைசியில் மேனேஜர், டவுட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சங்கீதா கேட்டாள்.

"சார், கொழந்தைங்க ஒண்ணுக்குப் போற எடம் எங்க இருக்குது? பாக்கணும்."

நாங்கள் சிரித்தது இதற்குத்தான். ராஜ்கமல் காது சிவந்து, மானத்தை வாங்காதே என்று முணுமுணுத்தான். அவள் நகரவில்லை.

சிரித்தவர்கள் யாரும் உப்பளத்தில் நின்றதில்லை. விடிவதற்குள் அங்கே இறங்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி, வரப்பு. ஒரு செடி கிடையாது, ஒரு மறைப்பு கிடையாது. ஆண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டால் வேலை முடிந்தது. பெண்கள் உச்சிப்பொழுது வரை தண்ணீரே குடிப்பதில்லை. சங்கீதா இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நிறையத் தண்ணீர் குடிம்மா என்றார் டாக்டர். குடித்துவிட்டு எங்கே போவது என்பதை அவர் சீட்டில் எழுதவில்லை.

மேனேஜர் ஒரு பூட்டிய கதவைக் காட்டினார். சாவி ஆபீஸில். இரண்டு இன்டர்வெலுக்கும் திறப்பார்களாம். மற்ற நேரத்தில் திறந்தால் கிளாஸ் டிஸ்டர்ப் ஆகுமாம்.

4

டை பள்ளியின் கரஸ்பாண்டென்ட் தட்சணாமூர்த்தி அதே கேள்விக்குச் சிரிக்கவில்லை. தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சங்கீதா குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாள். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று எனக்கே ஆசை வந்தது.

எப்போது வேண்டுமானாலும் போகலாமா என்று அவள் கேட்டாள். தாராளமாக, என்றார் தட்சணாமூர்த்தி, ராஜ்கமலைப் பார்த்து. கேட்டது மனைவியானாலும் பதிலைக் கணவனுக்கே சொல்லும் மரியாதை அவருக்கு உண்டு. ஒரே ஒரு ரூல். இங்கிலீஷில் கேட்க வேண்டும். தமிழில் கேட்டால் மிஸ் அனுப்பமாட்டார். அப்போதுதான் பழக்கம் வரும்.

வண்டியில் திரும்பும்போது ராஜ்கமல், ஒரு பக்கம் பூட்டு, ஒரு பக்கம் இங்கிலீஷ், கோட்டுக்கே போகலாம் என்றான்.

"அங்க சாவி அவங்க கையில இருக்குது," என்றாள் சங்கீதா. "இங்க ஒரு வரி. அத நாம மனப்பாடம் பண்ணிக்கலாம்."

இதைவிடத் தெளிவாக ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.*

* என்னையும் சேர்த்து. என் மகன் கோட்டுப் பள்ளியில் படிக்கிறான்.

5

மே மாதம் முழுவதும் அந்த வீட்டில் ஒரே பாடம். மே ஐ கோ டு த டாய்லெட், மிஸ். பிரியா கேட்காமல் போகக் கூடாது. உப்பு லோடு இறக்கிவிட்டு வந்த ராஜ்கமலும் பக்கெட்டோடு நின்று கேட்டான். "எஸ், கோ" என்று சங்கீதா அடுப்படியிலிருந்து உத்தரவு கொடுத்தாள். அதில் வரும் 'த' எதற்கு என்று அவனுக்குக் கடைசி வரை புரியவில்லை. எனக்கும்தான்.

ஜூன் இரண்டாவது வாரம். மூன்றாவது பீரியட். வகுப்பில் பாதிப் பேர் இன்னும் சுண்டுவிரலைக் காட்டி நின்றுகொண்டிருந்தபோது பிரியா எழுந்து, ஒரு பிழை இல்லாமல் முழு வரியையும் சொன்னாள். மிஸ்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெரி குட், எல்லாரும் கேட்கிற மாதிரி ஒன்ஸ் மோர் என்றார். சொன்னாள். அந்த நேரம் பார்த்து வராண்டாவில் தட்சணாமூர்த்தி வந்தார். சார் முன்னாடி சொல்லு என்றார் மிஸ்.

மூன்றாவது தடவையும் பிரியா வரியை முழுசாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது காலடியில் ஈரம் பரவியிருந்தது. தட்சணாமூர்த்தி தரையைப் பார்ப்பதற்கு முன்னால் உச்சரிப்பைப் பாராட்டிவிட்டார். வகுப்பு கைதட்டியது.

வேனில் வீட்டுக்கு அனுப்பினார்கள். டை மட்டும் நனையாமல் இருந்தது.

6

முடிவுகள்:

(அ) கோட்டுப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறாள். ராஜ்கமல் ஸ்டேட்டஸ் வைக்கி—

(ஆ) ஜெயா டீச்சரிடமே சேர்க்கிறாள். இந்த முடிவுக்குப் பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் ஜெயா டீச்சரே அதை நம்பமாட்டார்.

(இ) தட்சணாமூர்த்தி மனம் மாறி ரூலை எடுத்துவி—

மூன்றையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மறுநாள் காலை பிரியா யாரையும் கேட்காமல் வீட்டுக் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. சங்கீதா உப்பளத்துக்குப் போகவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, டை பள்ளி ஆபீஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். தட்சணாமூர்த்தி, உங்கள் பெண் நல்ல பிரைட் என்று ஆரம்பித்தார். அவள் உட்காரவில்லை.

"மொதல் தடவையே சரியாத்தான சார் சொன்னா. அப்புறம் ஏன் அனுப்பல?"

அவர் என்ன சொன்னார் என்பதைச் சங்கீதா என்னிடம் சொன்னாள். எழுதினேன். படித்துப் பார்த்தேன். அது பதிலாக இல்லை. அடித்துவிட்டேன். அவர் சார்பில் ஒரு பதிலை நானே எழுதிப் பார்த்தேன். அதுவும் தேறவில்லை.

அவள் இன்னும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். அவருடைய நாற்காலி இப்போது உங்களுடையது. பதிலை நீங்கள் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம்.