பொட்டு வைத்த கீபோட்

2003ஆம் ஆண்டு வைகாசியில் உருத்திரபுரம் சந்திக்கு வந்த மூன்று பழைய கீபோட்டுகளும், கணினியில் கொழுவாமலே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தாமாக அடிக்கத் தொடங்கின. எழுத்துக் கட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே போய் மேலே வந்தன. முன்பு எவர் அவற்றில் என்ன அடித்தாரோ அதை, அழித்தது திருத்தியது உட்பட, ஒன்றும் விடாமல் திருப்பி அடித்தன. ஊரில் இதை ஒருவரும் பெரிய விசயமாக எடுக்கவில்லை. வெயிலுக்குக் கொஞ்சம் கண்ணயர விடுகுதில்லை என்று இரண்டு பேர் முறையிட்டார்கள். மற்றப்படி அந்த மாதம் சனம் கதைத்தது சீமெந்து விலையைப் பற்றித்தான்.

கொண்டு வந்தவர் மீராசாகிபு. முல்லைத்தீவுக்காரர், புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் அகதியாக இருந்து, சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் கொழும்புப் பழஞ்சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு திரும்பியவர். வாங்கியவள் கமலாசனி. சந்தியில் தட்டச்சுக் கடை வைத்திருந்தாள். கட்டை விழுவதைப் பார்த்தே வாசித்துவிடுவாள். முதல் கீபோட்டில் ஏதோ கப்பல் கந்தோரின் ஆங்கிலக் கடிதங்கள் வந்தன. இரண்டாவதில் ஒரு பெட்டை வேலை கேட்டு எழுதிய ஒரே விண்ணப்பம் நாற்பது தரம் வந்தது. நாற்பதாவது முடிய, கமலாசனி கதிரையை விட்டு எழும்பினாள். எந்தக் கீபோட்டைத் தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

2000ஆம் ஆண்டு, இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்தபோது, அவளுடைய புருசன் யோகநாதனை ஒரு மொட்டைப் பெட்டிசம் கொண்டுபோனது. இயக்கத்துக்குத் தகவல் காவுகிறவன் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஊர் மக்கள்' என்றிருந்தது. பிடித்துக்கொண்டு போனவர்கள் அதை அவளிடம் நீட்டி, எழுதினவனைத் தெரியுமா என்றும் கேட்டார்கள். அவளுக்குத் தெரிந்தது தாளின் குறுக்கே ஓடிய வெள்ளைக் கோடு மட்டும்தான். அவள் அங்கே வேலை செய்த தட்டச்சுக் கடையின் பிரின்டர் விடுகிற கோடு அது. அவள் லீவில் நின்ற நாளாகப் பார்த்து, அவள் இருந்து அடிக்கிற மேசையிலேயே இருந்து, அவளுடைய குடியைக் கெடுத்திருக்கிறான் ஒருவன். யோகநாதன் திரும்பி வரவேயில்லை. கடை மூடப்பட்டு, அதன் கணினிகள் மூன்றும் கொழும்புக்கு லொறியேறின. அழுது ஓய்ந்த பிறகு கமலாசனியிடம் மிஞ்சியது ஆத்திரம் ஒன்றுதான்.

அடையாளம் ஒன்று இருந்தது. அந்தக் கடை முதலாளி சரஸ்வதி பூசைக்குக் கீபோட்டுகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். நீளக் கட்டையின் மூலையில் அந்தக் கறை ஊறிப்போயிருந்தது. கொழும்பில் பழைய கீபோட் மலை மலையாகக் கிடக்கிறது, தேடி முடியாது என்று மீராசாகிபு எச்சரித்தார்.

"முடியிற வரைக்கும் தேடுவன், நானா" என்றாள்.

மூன்று வருடம் தேடினாள். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் பஸ் ஏறி, ஓமந்தையில் இறங்கிச் சோதனைக்கு நின்று, புறக்கோட்டை, பஞ்சிகாவத்தை, மருதானை என்று அலைந்தாள். மத்தியானத்துக்குப் பிறகுதான் அவை அடிக்கும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு கடைதான் பார்க்கலாம். பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் அறுபது கீபோட்டுகள் சேர்ந்து அடிக்க, மழை என்று நினைத்து ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த சாரத்தை எடுத்தார் முதலாளி. பொட்டு வைத்த முதலாவது கீபோட் 2004இல் அகப்பட்டது. கலியாண அழைப்பிதழ்களைத் தவிர அதில் ஒன்றுமில்லை. இரண்டாவது 2005இல், அதில் பள்ளிக்கூட வினாத்தாள்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் அவளுடைய பையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பஸ்ஸடிக்கு வந்தவர் பக்கத்து வளவு வீரபாகு, வவுனியாவுக்கும் கூடவே இடம்பெயர்ந்து வந்தவர். யோகநாதனின் வயலையும் அவரே விதைத்து, அவளுடைய பங்கு நெல்லை வீட்டில் இறக்கிவிடுவார். வீரபாகு அண்ணை இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

2006 ஆடியில், மருதானையில், பழைய காற்றாடிகளுக்குக் கீழே மூன்றாவது கிடந்தது. மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கணினியை முதன்முதல் தொடுகிற எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதை அடிக்க வந்தாலும் முதலில் தன் பெயரை அடித்துப் பார்த்துத்தான் மறுவேலை. பெட்டிசம் அடிக்க வந்தவனும் அதைத்தான் செய்திருந்தான். ஆறு கட்டைகள் விழுந்தன: வீரபாகு. பிறகு அழிக்கிற கட்டை ஆறு தரம் விழுந்தது. பிறகு பெட்டிசம், ஒரு சொல்லும் பிசகாமல். இவ்வளவு நேரமும் 'அவர்' என்று எழுதியதற்கு வாசிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். கடைக்காரர் தந்த பிளேன்ரீயைக் கமலாசனி ஆறுதலாகக் குடித்து முடித்தாள். அவள் ஊர் வந்து சேர்ந்த இரண்டாம் கிழமை திரும்பவும் சண்டை மூண்டு பாதை மூடப்பட்டது.

அவள் பொலிசுக்கும் போகவில்லை, இயக்கத்திடமும் போகவில்லை. கீபோட்டை இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலிக் கதியாலில் கட்டினாள். மத்தியானம் அது அடிக்க அடிக்கப் பக்கத்தில் நின்று உரத்து வாசித்தாள். முதல் நாள் ஆறு பேர் கேட்டார்கள், இரண்டாம் நாள் ஒழுங்கை நிறைந்துவிட்டது. மூன்றாம் நாள், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்த வீரபாகுவின் விரல்கள், வேலியில் விழுகிற கட்டைகளோடு சேர்ந்து கோப்பையில் அடிக்கத் தொடங்கின. அவன் மனைவி சிவலட்சுமி இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தும் நிற்கவில்லை. அன்று தொடக்கம் மத்தியானச் சோற்றை அவள்தான் தீத்தினாள். ஒரு மாதம் பொறுத்துவிட்டு அவன் வேலியடிக்கு வந்தான்.

"வாய்க்கால் வரம்பில, சனத்துக்கு முன்னால, யோகன் எனக்குக் கன்னத்தில அடிச்சவன், பிள்ளை. அந்தக் கோவத்தில செய்திட்டன். மன்னிச்சுக்கொள்ளு."

"மன்னிக்க மாட்டன், அண்ணை. பெட்டிசத்துக்குக் கீழ உங்கட பெயரைப் போடுங்கோ. போடும் வரைக்கும் அடியுங்கோ."

அவன் அழுதுகொண்டு போனதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. அதை அவள் ஒளிக்கவும் இல்லை.

2008 ஐப்பசியில், சண்டை நெருங்க, ஊரே இடம்பெயர எழும்பியது. உடுப்பை விட்டுவிட்டுக் கீபோட்டைத் தூக்கினாள். மாத்தளன் மணலில் ஒரு செல் விழுந்து வெடித்து அதைச் சல்லி சல்லியாக்கியது. அவள் குனிந்து பொறுக்கவில்லை. வீரபாகுவின் விரல்கள்தான் அதைப் பாடமாக்கிவிட்டனவே. அடுத்த வருடம் செட்டிகுளம் அகதி முகாமில் இரண்டு குடும்பத்துக்கும் எதிரெதிர்க் கூடாரம் கிடைத்தது. மத்தியானமானால் வீரபாகுவின் தகரக் கோப்பையில் பெட்டிசம் கேட்கும். அது முடிகிற நேரத்துக்குத்தான் தண்ணீர் பவுசர் வரும் என்பதால், சத்தம் கேட்டதும் சனம் வாளிகளை வரிசையில் வைக்கப் பழகிவிட்டது.

கமலாசனி ஒவ்வொரு நாளும் போய் அவனுக்கு முன்னால் குந்துவாள். பெட்டிசம் முடியும். வீரபாகு பல்லைக் கடித்து, முழுப் பலத்தையும் கூட்டி, அதற்குக் கீழே தன் பெயரை அடிப்பான். ஆறு தட்டு. உடனே விரல் அவனைக் கேளாமலே கோப்பையின் வலது மேல் விளிம்புக்குப் போய் ஆறு தரம் அழித்துவிட்டு வரும்.

"பெயர் நிக்குதில்லை, பிள்ளை" என்றான்.

"நாளைக்கும் வாறன்" என்று சொல்லிவிட்டு, கமலாசனி வாளியை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள்.