ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க

நான் வேலை பார்ப்பது ஒரு மாயக்காட்சிக் கூடத்தில். ஒரு நாளைக்கு இருநூறு தடவை "ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க" என்று சொல்லவேண்டும். மற்ற நேரத்தில் வருகிறவர்களின் போனை வாங்கிப் படம் எடுத்துத் தரவேண்டும். சுறாவின் வாய்க்குள் தலையை விடுவது, ராட்சதக் கையில் உட்காருவது என்று எல்லாம் சுவரில் வரைந்த படம்; ஒவ்வொன்றுக்கும் எதிரே, பார்ப்பவர் நிற்கத் தரையில் இரண்டு பாதம் வரைந்திருக்கும். அங்கே நின்று பார்த்தால்தான் படம் சரியாக விழும். அப்போதும் இரண்டு கண்ணும் திறந்திருந்தால் வெறும் பெயின்ட் என்று தெரிந்துவிடும். கேமராவுக்கு இருப்பது ஒரே கண் என்பதால் அது ஏமாந்துபோகும். மனிதர்களும் ஒன்றை மூடினால் ஏமாறுவார்கள். மூன்று வருடமாக இதைப் பார்த்து, யார் ஆச்சரியப்பட்டாலும் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது.

ஊழியர் குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு நாள் இலவசம். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா, மாமா, பாப்பா மூன்று பேரும் வந்தார்கள். மாமா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பாப்பாவுக்கு எட்டு வயது, அதே பள்ளி, அதே பஸ். பதினான்கு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதை மாமா சொல்ல மறந்தால் அக்கா சொல்லிவிடுவாள். சமயத்தில் நானே சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது அறையில் தரை முழுக்க ஒரு பள்ளத்தாக்கு, நடுவே ஒற்றைப் பலகைப் பாலம். எல்லாம் தரையில் ஒட்டிய படம். அக்கா, "இதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்று சாவகாசமாகக் கடந்துபோனாள். பாப்பா பள்ளத்தின் மேலேயே ஓடினாள். மாமா மட்டும் பாதக் குறியில் நின்றவர் நின்றபடியே நின்றார். ஒரு காலை நீட்டி, விரல் நுனியால் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"ஊரு பிள்ளைங்களை எல்லாம் ஏத்திட்டுப் போறவருக்குப் படத்தைப் பாத்து பயமா?" என்றாள் அக்கா.

"அப்படியே நிஜம் மாதிரி இருக்கே," என்றார் மாமா.

"ஒரு கண்ணை மூடினாதான் மாமா அப்படித் தெரியும்."

"மூடாமலே நல்லாத் தெரியுதே."

மூன்று வருடத்தில் இப்படிச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு ஒரு கண் கண்ணாடிக் கண். இன்னொருவர் கண்ணில் கட்டோடு வந்திருந்தார். மாமாவுக்கு அப்படி எதுவும் இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். பாப்பா திரும்பி வந்து மாமாவின் இடது கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப்போனாள்.

அடுத்தது கோணல் அறை. சுவரில் ஒரே ஒரு ஓட்டை. அதில் கண்ணை வைத்தால் உள்ளே ஒரே அளவுள்ள இரண்டு நாற்காலிகளில் ஒன்று யானைக்கும், ஒன்று பொம்மைக்கும் செய்ததுபோல் தெரியும். மாமா வலது கண்ணை வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப இடது கண்ணை வெச்சுப் பாருங்க மாமா."

அவர் முகத்தை நகர்த்திய நேரத்தில் பக்கத்தில் இருந்த கைப்பிடியை இழுத்தேன். கூடம் சாத்தும்போது உள்பக்கமாக ஓட்டையை மூடும் தகட்டின் கைப்பிடி அது.

"என்ன தெரியுது?"

"அதேதான். பெரிய நாற்காலி, சின்ன நாற்காலி."

"பெருசு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்." தயங்காமல் சொன்னார்.

அக்கா என் கையைப் பார்த்தாள். "நீதான் மூடிட்டியே," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மாமா கொஞ்ச நேரம் ஓட்டையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. சொந்த மனிதரை இப்படிப் பொறிவைத்துப் பிடித்ததற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கைப்பிடியை விடவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள் அக்கா.

"எட்டு மாசம் ஆச்சு. உள்ள நரம்பு போயிடுச்சாம். இனிமே வராதுன்னுட்டார் டாக்டர்." பிறகு அவசரமாக, "வலது கண்ணு நல்லாத்தான் இருக்கு. மெதுவாத்தான் ஓட்டுறேன்," என்றார்.

"என்கிட்டகூட சொல்லலையே."

"சொன்னா நீ ஓட்ட விடமாட்டே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாப்பது பிள்ளைங்க மாமா. இடது பக்கம் ஒரு சைக்கிள் வந்தா யாரு பாக்குறது?" வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"நான் பாப்பேன் சித்தி," என்றாள் பாப்பா.

பொறுப்பான ஆள் விளக்குவது போல நிதானமாகச் சொன்னாள். முதல் சீட்டில் இடது ஜன்னல் ஓரம் அவளுக்கு. சைக்கிள் வந்தால் கம்பியில் ஒரு தட்டு. பெரிய வண்டி வந்தால் இரண்டு. ஆள் குறுக்கே வந்தால் சத்தமாக "அப்பா". தோழிகள் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. வீட்டில் மூச்சு விடக் கூடாது.

"ஒரு தடவைகூட விட்டதில்லை," என்றாள்.

எனக்கு அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. உறவுமுறை கையைக் கட்டிப்போட்டது.

"நாளைக்குக் காலையில ஸ்கூல்ல நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மாமா அக்காவைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். "நானே சொல்லிடுறேன்," என்றார். "இனிமே பஸ் எடுக்கல." பதினான்கு வருட வேலையை மூன்று வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது, கோபமும் குறையவில்லை.

பாப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ அழப்போகிறாள் என்று குனிந்து அவள் தோளில் கைவைத்தேன். அவள் அழவில்லை. மாமாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்போ நாளையிலேருந்து நான் பஸ்ல தூங்கலாமாப்பா?"