எண்பத்திரண்டு கிலோ ஸ்பிரிங்

படுத்திருப்பவனிடம் நோயின் பெயரைச் சொல்வது நாஞ்சில் நாட்டில் கொலைக்குச் சமம். மீன் கொண்டுவருகிறவளுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், ஓதி ஊத வந்த லெப்பைக்கும் தெரியும். நோய்க்கு உரியவனுக்கு மட்டும் அது அல்சர். ஜாஸிமுக்கும் அல்சர்தான்.

“டாக்டர்மாரு கைய விரிச்சிட்டாவ அண்ணே,” என்று திருவிதாங்கோட்டு வீட்டின் கேட்டருகே நிறுத்தி ஜாஸிமின் மனைவி ரிஸ்மா, அவனுடைய சிறுவயது நண்பன் பெனிட்டோவிடம் சொன்னாள். “மிஞ்சிப் போனா ரெண்டு மாசம்னு சொல்லுதாவ. அவியளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே மனசு விட்டுப் போயிருவாவ. ஒங்க வாயிலேருந்து ஒரு சொல்லு வந்திரப்பிடாது.”

பெனிட்டோ மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தான். கொடுத்த பிறகுதான் பயம் வந்தது. அவனுக்குப் பொய் வராது. தக்கலையில் அவன் நடத்தும் ஒர்க்ஷாப்பில், வண்டி தேறாது என்றால் தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். அதனாலேயே பாதிப் பேர் பக்கத்து ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டார்கள். போனால் போகட்டும் என்று இருந்தவனை இப்போது சத்தியம் கட்டிப்போட்டது.

உள்ளே சாய்வு நாற்காலியில் கிடந்த சட்டைக்குள் ஜாஸிமைத் தேடத்தான் வேண்டியிருந்தது. சவூதியின் தம்மாமில் பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவன், இரண்டு ஆள் கூடித் தூக்கும் இன்ஜினைத் தனியாகத் தூக்கியவன்.

“என்னலே அப்டிப் பாக்கிய? நாலஞ்சு கிலோ கொறஞ்சு போச்சு. மருந்து முடிஞ்சா ஏறிரும்னு ரிஸ்மா சொல்லுதா,” என்றான் ஜாஸிம். “அத விடு. ஒன்னைய நம்ம வண்டிக்காக்கும் கூப்பிட்டேன்.”

அந்த வண்டி இருவரும் மீசை அரும்பிய காலத்தில் சேர்ந்து ஆக்கியது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றின் சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, பட்டன் டயர் போட்டு, மண் பந்தய வண்டியாக மாற்றியிருந்தார்கள். குலசேகரம் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுகளில் ஒருத்தரையும் முந்தவிட்டதில்லை. ஜாஸிம் வளைகுடாவுக்குப் போனதும் அது கார் ஷெட்டில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது.

“முன் சக்கரத்துக்க பழைய போர்க்க வச்சு ஓட்டுனா, குத்துத குத்துல இந்த அல்சரு வாய் வழியா வெளிய வந்திரும். புது வண்டிக்க போர்க் ஒண்ணு மாட்டு மக்கா. ஓணத்துக்கு எஸ்டேட்டு மேட்டுல ஒரு தடவ ஏறி எறங்கணும்.”

ஓணத்துக்கு இன்னும் மூன்று மாதம் கிடந்தது. “மாட்டிருவோம்லே,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான் பெனிட்டோ.

விபத்தில் நொறுங்கிய வண்டிகளின் சாமான் விற்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடமிருந்து போர்க் வந்தது. தடித்த குழாய் மேலேயும் பளபளக்கும் மெல்லிய தண்டு கீழேயுமாக, பழையதைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை அழகுதான், ஆனால் இந்த வீட்டு வாசலில் நுழைய வேண்டுமே! அதன் நடுத்தண்டு பழைய வண்டியின் கழுத்துக்குள் சேரவில்லை. பழைய போர்க்கை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய், அதன் நடுத்தண்டைப் பிரஸ்ஸில் வைத்துக் கழற்றி, லேத்தில் இடைவெளி அடைக்கும் புஷ் கடைந்து, புது போர்க்கின் பிடியில் ஏற்றினான். பிறகு ஹேண்டிலைத் திருப்பினால் குழாய் டேங்கில் போய் இடித்தது. அதற்கு ஒரு தடுப்பு வெல்டிங் வைத்தான்.

மற்ற வேலையெல்லாம் ஜாஸிமின் கார் ஷெட்டில், அவன் கண்முன்னால்தான். நாற்காலியில் சாய்ந்தபடி அவன் குறை சொல்வான், கெட்ட வார்த்தை சொல்வான், சிரிப்பான். சுத்தியல் சத்தம் கேட்கிற நாளில் அவன் கூடுதலாக இரண்டு வாய் கஞ்சி குடிக்கிறான் என்று ரிஸ்மா சொன்னாள். அதைக் கேட்டபின் பெனிட்டோ மெதுவாக முடிக்கிற வேலையையும் இன்னும் மெதுவாகச் செய்தான்.

போர்க்குக்குள் இருந்த ஸ்பிரிங் ஒன்று உடைந்திருந்தது. இந்த மாதிரி போர்க்குக்கு ஓட்டுகிறவனின் எடைக்குத் தகுந்தபடிதான் ஸ்பிரிங் போட வேண்டும். போனில் ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டபோது கோயம்புத்தூர்க்காரர், “ஓட்டறவரு என்ன வெயிட்டுங்க?” என்றார்.

நாற்பத்தைந்துக்கு மேல் தேறாது என்று, அன்று காலை ஜாஸிமை நாற்காலிக்குத் தூக்கி வைத்த பெனிட்டோவின் கைகளுக்குத் தெரியும்.

“எண்பத்திரண்டு,” என்று நாற்காலியிலிருந்து தன் பழைய எடையைச் சொன்னான் ஜாஸிம்.

ஒர்க்ஷாப்புக்குப் போய் மறுபடியும் கூப்பிட்டு, மெல்லிய ஸ்பிரிங்காக அனுப்பச் சொல்லியிருக்கலாம். பெனிட்டோ சொல்லவில்லை. மெல்லிய ஸ்பிரிங் கேட்பது குழி தோண்ட ஆளனுப்புவது போல இருந்தது அவனுக்கு. பொய் பழகாதவன் பொய் சொன்னால் அளந்து சொல்லத் தெரியாது, முழுசாகத்தான் சொல்வான்.

வேலை முடிந்த அன்று, போர்க்கின் பளபளக்கும் தண்டில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றினான். ஆள் ஏறி உட்கார்ந்தால் மேல்குழாய் இறங்கி ரப்பர் பேண்டைக் கீழே தள்ளும். போர்க் எவ்வளவு இறங்கியது என்று அது சொல்லிவிடும். அந்தக் காலத்தில் நூல் கட்டி இதைச் செய்ய அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே ஜாஸிம்தான்.

“மொதல்ல நீ இரி,” என்றான் ஜாஸிம்.

எண்பது கிலோவுக்குக் குறையாத பெனிட்டோ உட்கார்ந்தான். முன்பக்கம் மெத்தென்று இறங்கியது. ரப்பர் பேண்டு மூன்று விரற்கடை கீழே போய் நின்றது.

“அம்சம்! இனி என்னையத் தூக்கு.”

ரப்பர் பேண்டை மேலே ஏற்றி வைத்துவிட்டு, பெனிட்டோ அவனைத் தூக்கி உட்கார வைத்து, விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். ஜாஸிம் ஹேண்டிலைப் பிடித்தான். முகம் பழைய முகமாயிற்று. அப்புறம் குனிந்து பார்த்தான். ரப்பர் பேண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. உடம்பைக் குலுக்கி அழுத்தினான். ஒரு நெல்மணி அளவு நகர்ந்தது.

“புது ஸ்பிரிங்லா,” என்றான் பெனிட்டோ. “ஓட ஓட எளகும்…”

“சும்மா இரிலே.”

ஹேண்டிலைப் பிடித்திருந்த தன் மணிக்கட்டை ஜாஸிம் வெகுநேரம் பார்த்தான். முதன்முதலாகப் பார்க்கிறவன் போலத்தான் பார்த்தான்.

“அல்சர் இல்ல. இல்லியா?”

மாதா மேல் செய்த சத்தியத்தைப் பெனிட்டோவின் வாய் காப்பாற்றியது. கண் காப்பாற்றவில்லை. நண்பனின் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். பாவி, ஒரு ஸ்பிரிங்கை மாற்றிக் கேட்டிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

“ரிஸ்மாக்குத் தெரியுமா?” என்று கேட்டான் ஜாஸிம்.

“தெரியும்.”

“இத்தனையும் வச்சிக்கிட்டா சிரிச்சிக்கிட்டுத் திரியுதா!” என்றான் ஜாஸிம். “எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுட்ட சொல்லீராத மக்கா. என்னைய ஏமாத்தியாச்சுன்னு ஒரு சமாதானத்துலதான் அவ நிக்கா. கண்ணத் தொடச்சிக்க, அவ வாறா.”

ரிஸ்மா டீயோடு வந்தாள். வண்டிமேல் இருந்த கணவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு சிரித்தாள்.

“எப்டி இரிக்கு?”

“பஞ்சு மெத்த மாதிரி எறங்குது, பாத்துக்க.”

“அப்ப ஓணத்துக்கு நானும் பின்னால ஏறுவேன். என்னைய உட்டுட்டுப் போயிரக் கூடாது, சொல்லிட்டேன்,” என்றாள்.

பெனிட்டோ ஸ்பேனர்களைப் பொறுக்கக் குனிந்துகொண்டான்.

“ஏறுட்டி,” என்றான் ஜாஸிம். “ரெண்டு பேரையும் தாங்கும். நல்ல கெட்டி ஸ்பிரிங்காக்கும்.”